சுத்திகரிப்பு நிலையம் இருக்கட்டும், தாங்கியில் எண்ணெய் எத்தனை நாளுக்கு இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எரிபொருள் இறக்குமதி பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த நீண்ட கட்டுரையைப் படித்தேன். மன்னார்க் கடலில் எண்ணெய் எடுப்போம், அம்பாந்தோட்டையில் பெரிய சுத்திகரிப்பு நிலையம் வந்துவிடும், அதற்குப் பிறகு வரிசை என்ற பேச்சே இருக்காது என்று முடித்திருந்தார் எழுதியவர். நல்ல எண்ணம்தான். ஆனால் படகு எஞ்சின் திருத்திப் பிழைத்த என்னைப் போன்றவனுக்கு அதில் சில இடங்கள் இடறுகின்றன. நீளமாகப் போனால் வெட்டிப் போடுங்கள், மண்ணெண்ணெய் பற்றிய பகுதியை மட்டும் வெட்ட வேண்டாம்.

முதலில் மன்னார். 2011இல் கெய்ர்ன் நிறுவனம் அங்கே துளையிட்டபோது டொராடோ, பராக்குடா என்ற இரண்டு கிணறுகளில் கிடைத்தது இயற்கை வாயு. அதுவும் வணிக அளவில் வெளியே வரவில்லை. 2015இல் நிறுவனம் கிளம்பிப் போய்விட்டது. அந்த வாயுவை ஒருநாள் எடுத்தால் மின்சாரம் உண்டாக்கலாம், உலை எண்ணெயும் டீசலும் அந்த அளவுக்கு மிஞ்சும். யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் பருத்தித்துறைக் கரையில் இழுத்து வைத்திருக்கும் வள்ளத்தின் 15 குதிரைவலு எஞ்சினுக்குள் வாயுவை ஊற்ற முடியாது. லொறிக்கும் ஓட்டோவுக்கும் உழவு இயந்திரத்துக்கும் அதே கதைதான். கட்டுரையில் 'எண்ணெய் வளம்' என்று திரும்பத் திரும்ப வந்ததால் இதைச் சொல்கிறேன்.

அடுத்தது சுத்திகரிப்பு நிலையம். அது எண்ணெயை உண்டாக்காது. நாம் வாங்கிக் கொடுக்கும் மசகு எண்ணெயை, அதாவது வடிக்காத கச்சா எண்ணெயை, பிரித்து பெற்றோலாக, டீசலாக, மண்ணெண்ணெயாக, உலை எண்ணெயாகத் தரும், அவ்வளவுதான். நாட்டின் சுத்திகரிப்பு நிலையமான சப்புகஸ்கந்தை 1969இல் ஓடத் தொடங்கியபோது நாளொன்றுக்கு 38,000 பீப்பாய் வடிக்கும் நிலையம், பிறகு 50,000 ஆக்கினார்கள். ஈரானின் மசகு எண்ணெயை மனதில் வைத்துக் கட்டியது. 2012இல் ஈரான் மீதான தடைகள் இறுகியதும் வேறு நாட்டு எண்ணெயைத் தேடி ஓடவேண்டி வந்தது. அந்த நாளில் வாங்கி எரித்த ஈரானிய எண்ணெயின் கடன் 25.1 கோடி டொலர். அதை மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையாகக் கழிப்போம் என்று 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டார்கள். கணக்குப் பார்த்தால் நான்கு வருடத்துக்கு மேல் கொழுந்து கிள்ளி அடைக்கவேண்டிய கடன்.

சரி, சொல்ல வந்தது இதுதான். 2021 நவம்பரில் சப்புகஸ்கந்தையை மூடினார்கள். இயந்திரம் பழுதாகவில்லை. மசகு எண்ணெய் வாங்க டொலர் இல்லை. 2022 மார்ச்சில் மறுபடி மூடி, மே மாதம் ரஷ்ய எண்ணெய்க் கப்பல் ஒன்று வந்த பிறகுதான் திறந்தார்கள். சுத்திகரிப்பு நிலையம் இருந்தும் நாடு நின்றது. அம்பாந்தோட்டையில் 370 கோடி டொலர் செலவில் சீனக் கம்பனியான சினோபெக் கட்டப்போவதாகச் சொல்லும் நிலையம் நாளொன்றுக்கு 2 இலட்சம் பீப்பாய் வடிக்கும் என்கிறார்கள். அதில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கு என்றுதான் பேச்சு. வேலை வரும், டொலர் வரும், வரட்டும். ஆனால் அதற்குள் போகிற மசகு எண்ணெயும் கப்பலில்தான் வரவேண்டும். பெற்றோலை வாங்காமல் மசகு எண்ணெயை வாங்கினால் பிரிப்புக் கூலி நமக்கு மிஞ்சும். இறக்குமதி ஒழிந்துவிடாது.

மத்திய வங்கியின் கணக்கை எடுத்துப் பாருங்கள். 2022இல் எரிபொருள் இறக்குமதிக்குப் போனது ஏறத்தாழ 490 கோடி டொலர். அதே வருடம் தேயிலை ஏற்றுமதியில் வந்தது 126 கோடி டொலர் அளவில். மலையகத்தில் ஒரு வருடம் முழுக்கப் பறித்ததை விற்றால் நாடு மூன்று மாதம் எரிக்கும் எண்ணெய்க்குத்தான் காணும். ஆடை ஏற்றுமதி இருப்பதால் தலை தண்ணீருக்கு மேலே நிற்கிறது. இந்த நிலை பத்து வருடத்திலும் தலைகீழாக மாறப்போவதில்லை. ஆகவே 'இறக்குமதியை எப்படி ஒழிப்பது' என்ற கேள்வியில் காலத்தைக் கழிப்பதைவிட, கப்பல் ஒன்று வராமல் போனால் எத்தனை நாள் தாக்குப் பிடிப்போம் என்று கேட்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடலுக்குப் போகிறவன் போய்வருவதற்குக் கணக்கான எண்ணெயை மட்டும் ஏற்றிக்கொண்டு போகமாட்டான். காற்று மாறும், நீரோட்டம் இழுக்கும், வலை சிக்கும். அணியத்தில் ஒரு கான் மேலதிகமாகக் கிடக்கும். நாட்டுக்கு அந்தக் கான் எங்கே என்பதுதான் என் கேள்வி.

இனி மண்ணெண்ணெய்க்கு வருகிறேன். கொழும்பில் இருந்து எழுதுகிறவர்களுக்கு மண்ணெண்ணெய் என்றால் குப்பி விளக்கும் குசினி அடுப்பும்தான் நினைவுக்கு வரும். எங்கள் கரையில் அது தொழிலின் எண்ணெய். சிறு வள்ளங்களில் பூட்டும் எஞ்சின்களில் பெரும்பாலானவை பெற்றோலில் எழும்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடுபவை. திரும்பி வரும்போது கரை சேர்வதற்கு முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தவேண்டும். இல்லாவிட்டால் காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் நிற்கும், மறுநாள் விடியற்காலை எத்தனை தரம் கயிறு இழுத்தாலும் எழும்பாது. மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் பிளக்கில் கரி பிடிக்கும். என் பட்டறைக்கு வந்த எஞ்சின்களில் பாதி நோய் இந்தக் கரிதான். இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன் அதில் ஓட்டினார்கள்? விலை. பெற்றோலின் விலையில் பாதிக்கும் குறைவாக இருந்தது. தோட்டங்களிலும் அப்படித்தான். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் கிணற்றில் இருந்து தண்ணீர் இறைக்கும் மிசின்களில் பல மண்ணெண்ணெயில் ஓடியவை.

வடக்கில் இந்த எண்ணெயோடு எங்களுக்குப் பழைய உறவு இருக்கிறது. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் என்பது போத்தலில் அளந்து, கண்ணில் ஒற்றி வைக்கும் பொருள். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோல் விட்டு எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினோம். பழைய ஏ-40 கார்களும் அப்படித்தான் புகை கக்கிக்கொண்டு ஓடின. அந்தப் புகையின் மணம் எங்கள் வயதுக்காரர்களுக்கு மறக்காது. காபரேற்றரில் எதை மாற்றினால் எந்த எண்ணெயில் ஓடும் என்ற வித்தையை நானும் அந்தக் காலத்தில்தான் கற்றேன். அப்போது எண்ணெய் வராததற்குக் காரணம் போர். 2022இல் போர் இல்லை, தடை இல்லை. கப்பல் கொழும்புக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது, காசு கட்ட முடியாமல் நாள் போகப் போக அதற்கு வேறு தாமதக் கட்டணம் ஏறியது.

அந்த வருடம் நடந்ததை எல்லோரும் பெற்றோல் வரிசையாகவே நினைவு வைத்திருக்கிறார்கள். வரிசையில் நின்றே உயிர் விட்டவர்களும் உண்டு, அதைச் சிறிதாக்கவில்லை. இந்தியா பெப்ரவரியில் 50 கோடி டொலர் எரிபொருள் கடன் தந்து, பிறகு இன்னும் 20 கோடி சேர்த்ததால்தான் சில கப்பல்கள் இறங்கின. ஜூன் 27ஆம் திகதி இரவு அரசு, அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்றது. பிறகு கியூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. பலர் திட்டினார்கள். எனக்கு அது அந்த ஆட்சி செய்த ஒரு நல்ல காரியமாகவே படுகிறது. பணம் உள்ளவன் பத்துக் கானோடு வந்து நிற்பது நின்றது.

கியூஆர் வந்து வீதிகளில் வரிசை சுருங்கிய பிறகும் கரையில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. இதைத்தான் உங்கள் கட்டுரையாளர் தொடவே இல்லை. காரணம் எளிது. பெற்றோலும் டீசலும் வடித்த பொருளாகவே பெருமளவில் கப்பலில் வருகின்றன. மண்ணெண்ணெயில் பெரும்பங்கு சப்புகஸ்கந்தையில் வடித்ததுதான். நிலையம் மூடினால் மண்ணெண்ணெய் நிற்கும். விமானத்துக்கு வேண்டிய எண்ணெயும் கிட்டத்தட்ட அதே சாறுதான், அதற்கு டொலரில் காசு கொடுக்க ஆள் இருக்கிறது. எங்களுக்கு வாரக்கணக்கில் எண்ணெய் ஏற்றிவரும் பவுசர் லொறி வரவில்லை. கூட்டுறவுச் சங்கத்தின் பெற்றோல் செட்டில் வெறும் கான்களைக் கயிற்றில் கோத்து வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கானுக்குக் கான் பெயர் எழுதியிருக்கும். வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. துடுப்புப் போட்டுக் கிட்டக் கடலுக்குள் போய் வந்தவர்கள் சிலர். தூரக் கடலுக்குப் போகிற தொழில் அப்படியே நின்றது.

அப்புறம் விலை. 2022 ஓகஸ்ட்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாயாயிற்று. ஒரு தொழிலுக்கு 20 லீற்றர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்று 1,740 ரூபாய், இன்று 6,800 ரூபாய். மீனின் விலையோ மீனவன் சொல்வதல்ல, ஏலத்தில் வாங்குகிறவன் சொல்வது. அன்று கரையில் நின்றவர்களின் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் இதை 'விலைச் சீர்திருத்தம்' என்று எழுதமாட்டார்கள்.

ஆனாலும் ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். 87 ரூபாய் பொய் விலை. அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நட்டத்தில் விற்றது, அந்த நட்டம் அரச வங்கிகளின் தலையில் கடனாக ஏறியது. அந்த மலிவு எங்களுக்கு மட்டும் போகவும் இல்லை. டீசல் விலை 121 இல் இருந்து மார்ச்சில் 176, ஏப்ரலில் 289, மே மாதம் 400, ஜூனில் 460 என்று ஏற, மண்ணெண்ணெய் மட்டும் 87இல் நின்றால் என்ன நடக்கும்? டீசலுக்குள் மண்ணெண்ணெய் கலந்தார்கள். லொறிக்காரரும் பஸ்காரரும் செய்தார்கள் என்று ஊருக்கே தெரியும். மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்புக் குறைவு. டீசல் பம்பும் இன்ஜெக்டரும் தாம் தள்ளும் எண்ணெயிலேயே வழுக்கி ஓடவேண்டியவை. கலப்படம் ஊற்றிய வண்டியின் பம்பைக் கழற்றினால் உள்ளே கண்ணாடி போல இருக்கவேண்டிய இடமெல்லாம் கீறல் விழுந்திருக்கும். மீனவனுக்கென்று சொன்ன சலுகையை லொறிகள் குடித்தன, வரிசையில் மீனவனுக்கு வெறும் கான். மலிவு விலையை எண்ணெயின் மேல் ஒட்டாமல், பதிவு செய்த படகின் மேல், சங்கத்தின் அட்டை வழியாகக் கொடுத்திருந்தால் அந்த ஒரே இரவுத் தாவலே வந்திராது. கியூஆர் அட்டையால் காருக்கு லீற்றர் எண்ணத் தெரிந்த நாட்டுக்குப் படகுக்கு எண்ணத் தெரியாதா?

இப்போது ஒவ்வொரு மாதக் கடைசியிலும் விலையைத் திருத்துகிறார்கள். சிங்கப்பூர்ச் சந்தை விலை ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். முன்பு வருடக்கணக்கில் அமுக்கி வைத்து ஒரேயடியாக வெடிக்க விட்டதைவிட இது மேல். என்ன, மாதக் கடைசி நாளில் ஏறும் என்று ஒரு வதந்தி வந்தால் பெற்றோல் செட்டில் சனம் முண்டியடிக்கும்.

இனி அந்தக் கானுக்கு வருவோம். திருகோணமலை சீனன்குடாவில் 99 தாங்கிகள் நிற்கின்றன. வெள்ளைக்காரன் தன் கடற்படைக்காகக் கட்டியவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கனமீற்றர் கொள்ளும். 2022 ஜனவரியில் செய்த ஒப்பந்தப்படி 14 தாங்கி இந்திய எண்ணெய்க் கம்பனியின் கிளையான லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு, அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம். இந்த ஒப்பந்தத்தை வைத்து நாட்டை விற்றுவிட்டார்கள் என்று ஒரு பக்கம், நாடு பிழைத்துவிட்டது என்று இன்னொரு பக்கம் பெரிய சத்தம். தாங்கிக்குள் எண்ணெய் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. மேட்டுப் பகுதியில் நிற்கும் தாங்கிகள் பலவும் நீண்ட வருடங்களாகக் காடு மூடிக் கிடந்தவை.

எல்லாவற்றையும் நிரப்பினால் என்ன ஆகும் என்று ஒரு பழைய கணக்குப் புத்தகத்தின் பின் அட்டையில் போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 12 இலட்சம் கனமீற்றர், அதாவது 75 இலட்சம் பீப்பாய். நெருக்கடிக்கு முந்திய நாட்களின் வேகத்தில் எரித்தாலும் நாட்டுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் காணும். பீப்பாய் 80 டொலர் என்று பிடித்தால் 60 கோடி டொலர் அதற்குள் முடங்கும். இது விளையாட்டுக் காசு அல்ல. சர்வதேச நாணய நிதியத்தின் (ஐஎம்எப்) தவணைக்குக் காத்திருக்கிற நாடு அதை ஒரேயடியாகச் செய்யாது, செய்யவும் கூடாது. தாங்கிகளைப் பழுது பார்க்கவே பெரும் செலவு உண்டு. ஆனால் கால்வாசியை நிரப்பினால் 15 கோடி டொலர் அளவு. விலை இறங்கிய மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்க்கலாம். நெருக்கடியில் அவசரத்துக்கு வாங்கிய விலையையும், நங்கூரம் போட்டு நின்ற கப்பல்களுக்குக் கட்டிய தண்டத்தையும் இதோடு சேர்த்து வைத்துப் பார்க்கவேண்டும்.

இந்தியா விசாகப்பட்டினத்திலும் மங்களூரிலும் பாதூரிலும் பாறையைக் குடைந்து 53 இலட்சம் தொன் மசகு எண்ணெய் வைக்க இடம் செய்திருக்கிறது. சர்வதேச எரிசக்தி முகவரகத்தில் இருக்கிற நாடுகள் 90 நாள் நிகர இறக்குமதிக்குச் சமமான எண்ணெயைக் கையில் வைத்திருக்கவேண்டும் என்பது விதி. ஜப்பானும் கொரியாவும் எங்களைப் போலவே எண்ணெய் இல்லாத நாடுகள்தான். அவர்கள் எண்ணெய் எடுக்கப் போகிறோம் என்று மேடை போட்டுப் பேசுவதில்லை, தாங்கி கட்டி நிரப்பி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு 90 நாள் வேண்டாம். 30 நாள் என்று சட்டம் போட்டு, அதைத் தொடுவதற்கு அமைச்சரவை அனுமதி வேண்டும் என்று எழுதினால் போதும்.

எதை வைப்பது என்பதில் எஞ்சின்காரன் சொல்ல ஒன்று உண்டு. பெற்றோலை வைத்திருந்தால் நாள்பட நாள்பட ஆவியாகும், பிசுபிசுப்பு உண்டாகும். மாதக்கணக்கில் எஞ்சினுக்குள் விட்டுவிட்டுப் போனவனின் காபரேற்றரைத் திறந்தால் கோந்து மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே பெற்றோலை வைத்தால் பழையதை முன்னே விற்று புதியதைப் பின்னே ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். டீசல் அதைவிடத் தாங்கும், ஆனால் அடியில் தண்ணீர் சேர்ந்தால் பாசி மாதிரி ஒன்று வளர்ந்து வடியை அடைக்கும். மண்ணெண்ணெய் இவற்றில் சாது. தண்ணீர் புகாமல் மூடி வைத்தால் நீண்ட காலம் கெடாது. வைக்கச் சுலபமான எண்ணெய்தான் எங்களுக்கு முதலில் தீர்ந்தது என்பதை நினைத்தால் எரிச்சல் வருகிறது.

வடக்கில் சேமிப்பு வேண்டும் என்று கேட்கும்போது ஒரு தயக்கமும் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல். மேலே கொட்டுவது கீழே கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து, கிணற்று வாளியில் எண்ணெய்ப் படை மிதந்ததை ஊரே பார்த்தது. 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டும்படி உத்தரவிட்டது. ஆகவே கண்ட இடத்தில் குழி தோண்டித் தாங்கி புதைக்கச் சொல்லவில்லை. காங்கேசன்துறையில் ஏற்கெனவே களஞ்சியம் இருக்கிறது, ரயில் பாதையும் துறைமுகமும் பக்கத்தில். அங்கே நிலத்துக்கு மேலே, சுற்றிவர கசிவு தாங்கும் தொட்டி கட்டி, மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் என்று தனியாக ஒதுக்கினால் மூன்று நான்கு வாரம் குடாநாட்டுக்கும் தீவுகளுக்கும் காணும் அளவு வைக்க முடியாதா என்பதைப் பொறியியலாளர்கள் பார்த்துச் சொல்லட்டும். தெற்கில் ஒரு பாலம் உடைந்தாலும் தெற்கில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ-9 வீதியில் வெள்ளம் ஏறினாலும் பவுசர் வராது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மின்சார வாகனம் பற்றி நாலு வரி. ஓட்டோவும் ஸ்கூட்டரும் மின்சாரத்துக்குப் போகலாம், போகவும் வேண்டும். நெடுந்தூர லொறிக்கு நாள் செல்லும். உப்புக் காற்றில், அலையில், கனம் கூடிய பற்றரியோடு இரவில் கடலுக்குப் போகும் வள்ளம் இந்த வரிசையில் கடைசியில்தான் நிற்கும். 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். வந்து இறங்கும் ஒவ்வொரு பெற்றோல் காரும் அடுத்த பதினைந்து இருபது வருடத்துக்கு ஒரு புதிய வாய். வரட்சி வந்து நீர்மின் குறைந்தால் மின்சாரத்துக்கும் டீசலும் நப்தா என்ற இலகு எண்ணெயும் உலை எண்ணெயும்தான் எரிக்கிறோம் என்பதையும் மறக்கவேண்டாம்.

எண்ணெய் விற்கும் கம்பனிகள் பற்றியும் கட்டுரையில் ஒரு பெருமிதம் தெரிந்தது. 1961இல் சட்டம் இயற்றி, டி. பி. இலங்கரத்ன அமைச்சராக இருந்த காலத்தில் ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் மூன்றின் வியாபாரத்தையும் கூட்டுத்தாபனம் எடுத்துக்கொண்டது. அதற்காக அமெரிக்கா 1963இல் உதவியை நிறுத்தியது. இப்போது ஷெல்லின் சின்னம் ஆர்.எம். பார்க்ஸ் மூலம் திரும்பி வந்திருக்கிறது, சினோபெக் 2023இல் வந்தது, ஐஓசி அதற்கு இருபது வருடம் முன்பே வந்தது. போட்டி நல்லதுதான். சினோபெக்குக்கு முதல் வருடம் உள்ளூர் வங்கியில் டொலர் கேட்கக் கூடாது என்று நிபந்தனை போட்டது புத்திசாலித்தனம். அதே பேனாவால் இன்னொரு வரியும் எழுதியிருக்கலாம்: விற்கிற ஒவ்வொருவரும் தன் பங்குக்கு இத்தனை நாள் இருப்பை வைக்கவேண்டும், அதில் மண்ணெண்ணெயும் சேரும் என்று. இலாபம் உள்ள பெற்றோலை எல்லோரும் விற்பார்கள். எங்கள் கரைக்கு மண்ணெண்ணெய் கொண்டுவருவது இன்றும் கூட்டுத்தாபனத்தின் பவுசர்தான்.

கடைசியாக உங்களிடமே ஒரு வேண்டுகோள். 2022இல் அமைச்சராக இருந்த காஞ்சன விஜேசேகர, எந்த எண்ணெய் எத்தனை தொன் கையில் இருக்கிறது என்று ட்விட்டரில் அடிக்கடி போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அரசியலைப் பற்றி எனக்கு ஆயிரம் கேள்வி உண்டு. ஆனால் அந்த எண்ணைப் பார்த்துத்தான் எங்கள் சங்கத்தில் அடுத்த கிழமை கடலுக்குப் போவதா, வலையைப் பொத்துவதா என்று முடிவு செய்தார்கள். அமைச்சும் கூட்டுத்தாபனமும் பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய் என்று தனித்தனியாக, கொழும்புக்கு அருகே கொலன்னாவைக் களஞ்சியத்துக்கு எவ்வளவு, திருகோணமலைக்கு எவ்வளவு, காங்கேசன்துறைக்கு எவ்வளவு என்று கிழமைக்கு ஒருமுறை வெளியிடவேண்டும். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் செய்தியாளர் விண்ணப்பம் போடட்டும். உங்கள் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் தங்கம், டொலர், மரக்கறி விலை போடுகிற பெட்டி இருக்கிறதே, அதில் மூன்று வரிக்கு இடம் இருக்கும். 'மண்ணெண்ணெய்: இத்தனை நாளுக்கு' என்று போட்டுவிடுங்கள். 15 நாளுக்குக் கீழே இறங்கினால் அந்த வரியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படகு எஞ்சின் திருத்துநர்,
பருத்தித்துறை.